காரில் பேட்டரி விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதலில் பயமுறுத்துவது யு.பி.எஸ். பெட்டியாகத்தான் இருக்கும். கரண்ட் போன மறு நொடியே 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கும். சில நாட்களில் அதன் மொழி நமக்குப் புரிந்துவிடும். விட்டு விட்டு மெதுவாக ஒலித்தால் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடுகிறது என்று பொருள். வேகமாக ஒலித்தால் பேட்டரியும் தீரப் போகிறது, ஃபைலை சேவ் செய்துவிட்டு கம்ப்யூட்டரை நிறுத்திவிடவும் என்று பொருள். ஒலி ஒன்றுதான், சொல்லும் செய்தி வேறு.

காரிலும் இதே கதைதான். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், பெரும்பாலானோர் "பேட்டரி போய்விட்டது" என்று முடிவு கட்டி, புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரங்களில் பேட்டரி நன்றாகவே இருக்கும். பழுது வேறு இடத்தில் இருக்கும். பணம் போவது ஒரு பக்கம். புது பேட்டரி போட்ட நம்பிக்கையில் இரவு நேரம் குடும்பத்தோடு கிளம்பி, வழியில் ஊருக்கு வெளியே நின்றுவிடுவது இன்னொரு பக்கம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கார் மெக்கானிக் அல்ல. ஆனால் பொறியியல் கல்லூரியில் படித்த மின்சாரப் பாடம் மறக்கவில்லை. கையில் ஒரு மல்டிமீட்டரும் இருக்கிறது. கார் பேட்டரியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும். கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்கிறீர்களா? இன்றைய காருக்குள் பல சிறிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று எனத் தனித்தனியே இயங்கும் இவை, 'கேன்' என்ற நெட்வொர்க் மூலம் பேசிக் கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய முறை இது. இத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் மின்சாரம் தரும் யு.பி.எஸ். போன்றதுதான் அந்த ஒற்றை 12 வோல்ட் பேட்டரி.

மேஜைக்கு அடியிலும் அதே, பேனட்டுக்கு அடியிலும் அதே

வீட்டு யு.பி.எஸ்.ஸில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. சிறிய பெட்ரோல் காரில் இருப்பது 12 வோல்ட், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டுமே ஒரே இனம். காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட இந்த வகை பேட்டரியை 1859ல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இந்தப் பெட்டிக்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறையும் கூட்டினால் 12.6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி என்று பெயர் இருந்தாலும், முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி காட்ட வேண்டியது 12.6. இந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளவும்.

காரில் பேட்டரியின் முக்கிய வேலை இன்ஜினைக் கிளப்புவது. கையால் கம்பியைச் சுழற்றி காரைக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர், 1912ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த பிறகு அந்தச் சிரமம் குறைந்தது. நம் ஊரில் 'செல்ப்' என்று சொல்வது இந்த மோட்டாரைத்தான். சாவியைத் திருப்பும் அந்த ஓரிரு நொடிகளில் அது 100 ஆம்பியருக்கும் மேல் மின்சாரத்தை இழுக்கும்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியின் முக்கிய வேலை முடிந்தது. அதன் பிறகு விளக்கு, ஏ.சி. ஊதுவிசிறி, பாட்டு எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். மெக்கானிக்குகள் இதை இன்றும் 'டைனமோ' என்பார்கள். இன்ஜினோடு பெல்ட் மூலம் சுழலும் இது, காரை ஓட்டிக்கொண்டே பேட்டரியையும் சார்ஜ் செய்யும். லேப்டாப்புடன் ஒப்பிட்டால், பேட்டரி பேட்டரிதான். ஆல்டர்னேட்டர் அதன் அடாப்டர். லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை என்றால் பேட்டரியை மட்டுமா குறை சொல்வோம்? அடாப்டரையும் பார்ப்போம் அல்லவா? காரிலும் அப்படியே பார்க்க வேண்டும்.

மூன்று வகை எச்சரிக்கைகள்

1. இன்ஜின் ஓடும்போது எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு: சாவியைத் திருப்பியவுடன் இந்த விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓட்டும்போது திடீரென எரிந்தாலோ, சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். அதாவது அடாப்டர் பக்கத்துப் பிரச்னை. பெல்ட், ஆல்டர்னேட்டர், ஒயர் இவற்றில் ஒன்று பழுதாகி இருக்கலாம்.

2. இன்ஜின் நிறுத்தியிருக்கும்போது வரும் 'லோ பேட்டரி' செய்தி: திரை வைத்த கார்களில், இன்ஜினை ஓட்டாமல் பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்தால் பேட்டரி குறைகிறது, இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் என்று செய்தி வரும். இது உண்மையாகவே பேட்டரியில் சார்ஜ் குறைந்த எச்சரிக்கை.

3. சாவியின் பேட்டரி எச்சரிக்கை: பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவிக்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீரும்போதும் திரையில் செய்தி வரும். இதைப் பார்த்து கார் பேட்டரியை மாற்றியவர்களும் உண்டு. பல சாவிகளில் இருப்பது 2032 எண் கொண்ட காசு வடிவ 3 வோல்ட் பேட்டரி. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றும் பேட்டரியும் பொதுவாக இதே எண்தான். மாற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

திரையில் எந்தச் செய்தி வந்தாலும், அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று கவனிப்பதே முதல் படி.

ஓட்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தால்

விளக்கு எரிந்த நொடியில் கார் நின்றுவிடாது. மேஜையில் கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டர் ஓடுகிற நிலை இது. பேட்டரியில் மிச்சம் இருக்கும் வரை கார் ஓடும். பகலில் அரை மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஓடலாம். இரவில் ஹெட்லைட்டும் சேர்வதால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை நம்பி தூரம் போக வேண்டாம்.

முதலில் ஏ.சி., பாட்டு, போன் சார்ஜர், பின் கண்ணாடி ஹீட்டர் அனைத்தையும் நிறுத்தவும். இரவில் ஹெட்லைட்டை மட்டும் நிறுத்தக் கூடாது. அடுத்து, இன்ஜின் சூடு காட்டும் முள்ளையோ சூட்டு எச்சரிக்கை விளக்கையோ பார்க்கவும். பல கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். சூடு ஏறினால், அல்லது ஸ்டீயரிங் திடீரென கனத்தால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டியதுதான்.

சூடு ஏறவில்லை என்றால், வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்திற்கு, முடிந்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் செல்லவும். இடையில் டீ குடிக்க இன்ஜினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் அளவு மின்சாரம் இருக்காது.

பேட்டரி மிகவும் இறங்கும்போது பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் என ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். எல்லாமே பழுதாகிவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம். மின் அழுத்தம் குறைந்தால் அந்தச் சிறு கம்ப்யூட்டர்கள் குழம்பிப் பொய்யான பிழைச் செய்திகளைத் தரும். ஆனால் மின்சார ஸ்டீயரிங்கின் உதவி உண்மையிலேயே குறையலாம் என்பதால் அப்போதே ஓரம் கட்டிவிடவும்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று மட்டும் சத்தம், டாஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். இருக்கும் கொஞ்சமும் தீர்ந்துவிடும். இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் மூலம் மின்சாரம் வாங்கி ஸ்டார்ட் செய்யலாம். வரிசை மிக முக்கியம். உங்கள் காரின் கையேட்டில் இதற்கெனத் தனி இணைப்பு முனை காட்டியிருந்தால் அதையே பின்பற்றவும்.

1. இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போடவும். உதவும் வண்டியும் 12 வோல்ட் ஆக இருக்க வேண்டும். பெரும்பாலான லாரிகளில் 24 வோல்ட் என்பதால் லாரியிலிருந்து எடுக்கக் கூடாது.

2. சிவப்பு கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பிளஸ் டெர்மினலில் மாட்டவும்.

3. மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டவும்.

4. கறுப்பு கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டவும்.

5. மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்ட வேண்டாம். அந்தக் காரின் இன்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டவும்.

6. நல்ல காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் ஓட விடவும். பிறகு உங்கள் காரை ஸ்டார்ட் செய்யவும். ஓடத் தொடங்கியதும், மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கேபிள்களைக் கழற்றவும்.

ஐந்தாவது படிக்குக் காரணம் உண்டு. இந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரிக்கு அருகில் வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பேட்டரி வீங்கியோ, உடைந்தோ, அமிலம் கசிந்தோ இருந்தால் கேபிளைக் கையிலேயே எடுக்க வேண்டாம்.

கியர் மாற்றி ஓட்டும் காரைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் கார்களில் இது முடியாது.

மல்டிமீட்டர் சொல்லும் உண்மை

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் வீட்டில் ஸ்குரூ டிரைவரோடு இதுவும் இருக்கலாம். டயலை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்தால் போதும். மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்.

முதல் அளவு, இரவெல்லாம் நிறுத்தி வைத்த காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8 என்றால் காலி. பாதிக்கும் காலிக்கும் இடையே வெறும் 0.4 வோல்ட் வித்தியாசம்தான் என்பதைக் கவனியுங்கள். "12 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது அளவு, இன்னொருவர் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில். முழு சார்ஜில் உள்ள பேட்டரி அந்த நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 12.6 காட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது 8க்குப் போகிறது என்றால், பேட்டரிக்கு உண்மையாகவே வயதாகிவிட்டது.

மூன்றாவது அளவு, இன்ஜின் ஓடும்போது. 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக இயங்குகிறது. 12.5க்குக் கீழேயே நின்று, நேரம் ஆக ஆக இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி பேட்டரியைக் கெடுக்கிறது. சில புதிய கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரே இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சில நிமிடங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்கவும்.

மூன்று பேட்டரிக்குச் செலவழிக்க இருந்த மாமா

எங்கள் அடுக்ககத்தில் மேல் வீட்டில் ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். மாமிக்கு வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் டயாலிசிஸ். காலை 6 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி 3 கிலோமீட்டர்தான். ஒரு வருடம் ஆன பேட்டரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை கை விட்டது. கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள்; புதிது வாங்கினார். நான்கு மாதத்தில், மீண்டும் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே 'டக் டக்'. மூன்றாவது பேட்டரிக்கு விலை கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆளு. இருந்தாலும் மீட்டர் வச்சிருக்கீங்களே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்."

பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டி, இரண்டு நாள் கழித்துக் காலையில் அளந்தேன். 12.2 வோல்ட். இன்ஜினை ஓட்டி அளந்தேன். 14.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, பேட்டரி புதிது. அப்படியானால் நின்றிருக்கும் காரில் யாரோ மின்சாரம் குடிக்கிறார்கள்.

மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் 'ஸ்லீப்' நிலைக்குப் போகும் வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். நல்ல காரில் அப்போது 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இதில் 0.3 ஆம்பியர் ஓடியது. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் ஒயரைப் பிடுங்கியதும் 0.03க்கு இறங்கியது. நிறுத்தி வைத்தாலும் படம் பிடிக்கும் வகையில், நேராக பேட்டரியிலிருந்து இணைத்துக் கொடுத்திருந்தார்கள்.

கணக்குப் போட்டால் கதை விளங்கும். 0.3 ஆம்பியர் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர் குடிக்கும். சனி முதல் செவ்வாய் வரை மூன்று நாளில் 21.6. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. அதனால்தான் எப்போதும் செவ்வாய்க்கிழமை! 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் இந்த இழப்பு திரும்ப ஏறவே ஏறாது. கேமராவை, சாவி போட்டால் மட்டும் இயங்கும்படி ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது பேட்டரி வாங்கவில்லை. மாமியும் அதன் பிறகு ஒரு நாள் கூட ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போகவில்லை.

இந்தச் சோதனையை நீங்களே செய்வதாக இருந்தால், மீட்டர் நடுவில் இருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியை வெளியே வைத்துக்கொள்ளவும். பழக்கம் இல்லாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

நின்றால் தேயும்

ஓடினால் தேயும் பொருட்கள் பல. கார் பேட்டரி நின்றால் தேயும். ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 150 ஆம்பியர் வீதம் 2 நொடி என்று வைத்துக் கொண்டாலும், செலவு 0.1 ஆம்பியர்-ஹவருக்கும் குறைவுதான். ஓரிரு நிமிட ஓட்டத்தில் அது ஈடாகிவிடும். ஆனால் எந்தக் குறையும் இல்லாத காரிலேயே கடிகாரம், திருட்டு அலாரம், லாக் ஆகியவற்றுக்காக 0.05 ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். இரண்டு வாரத்தில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பாதியாகிவிடும். மறந்து விட்ட ஹெட்லைட்டோ இரண்டு பல்புக்கும் சேர்த்து 9 ஆம்பியர். நான்கு மணி நேரத்தில் பேட்டரி காலி.

இறங்கிய நிலையில் நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாத யு.பி.எஸ். கெட்டுப் போவதும் இதே காரணத்தால்தான்.

தினமும் 5 நிமிடம் இன்ஜினை நின்ற இடத்திலேயே ஓட்டுவது போதாது. வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது காரை ஓட்டவும். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போகலாம். கடிகாரமும் வானொலி நிலையங்களும் அழிந்துவிடலாம். மீண்டும் அமைத்துக் கொள்ளலாம். ஒரேயடியாக இறங்கிய பேட்டரியைத் தனி சார்ஜரில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுவது நல்லது. 35 ஆம்பியர்-ஹவருக்கு 3.5 ஆம்பியர்.

பராமரிப்புக் குறிப்புகள்

* டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மைனஸை முதலில், பிளஸ்ஸை அடுத்துக் கழற்றவும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உலர்த்தவும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவவும். கையுறையும் கண்ணாடியும் அணியவும்.

* தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் மூடியைத் திறந்து அளவைப் பார்க்கவும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாம். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், அமிலம் எதுவும் கூடாது. மூடி இல்லாத வகையைத் திறக்க முயல வேண்டாம்.

* டெர்மினலும், பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பும் ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆட்டம் தகடுகளை உதிர்க்கும்.

* முடிந்த வரை நிழலில் நிறுத்தவும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பனிக்காலம் எதிரி. நமக்குச் சித்திரை வெயில் எதிரி. யு.பி.எஸ்.ஸையும் ஜன்னல் வெயிலில் வைக்க வேண்டாம்.

* மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை ஆறு மாதத்திற்கு ஒரு முறை அளந்து, ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைக்கவும்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதது

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, இன்ஜின் தொடர்ந்து ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலக் கார்களுக்கு அது சரி. இன்றைய காரில் பேட்டரி திடீரென விலகினால் மின் அழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறி, இன்ஜின் கம்ப்யூட்டரையே எரித்துவிடக் கூடும். யாராவது அப்படிச் சோதிக்க வந்தால் தடுத்துவிட்டு, மல்டிமீட்டரை நீட்டவும். பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினாலும் இதே கதிதான்.

புதிது வாங்கும்போது

மேலே சொன்ன அளவுகளைப் பார்த்தும் பேட்டரி தேறவில்லை என்றால், பழைய பேட்டரியின் அதே அளவு, அதே ஆம்பியர்-ஹவர், பிளஸ் அதே பக்கம் உள்ளதை வாங்கவும். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் கார்களில் அதற்கென்றே செய்த பேட்டரி இருக்கும். சாதாரண வகையைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் கவனிக்கவும். பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும், உள்ளே உள்ள 12 வோல்ட் சிறு பேட்டரி இறங்கினால் கார் உயிர் பெறாது.

தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கவும். கடையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது வேண்டாம். வாங்கிய இடத்திலேயே அளந்து பார்க்கவும். பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்தால் விலையில் குறைத்துக் கொள்வார். 2022ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. தெருவில் உடைத்துக் காரீயம் எடுப்பவர்களிடம் போட வேண்டாம். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அடுத்த முறை சிவப்பு விளக்கு எரிந்தால், கடைக்குப் போகும் முன் மீட்டரை எடுங்கள். நின்றிருக்கும்போது 12.6, ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்கு மேல், ஓடும்போது 13.5 முதல் 14.7. இந்த மூன்று எண்களை ஒரு சீட்டில் எழுதி, காரின் பதிவுச் சான்றிதழோடு வைத்துக் கொள்ளவும்.